செயலாளர் ஆண்டறிக்கை: பாரதி வீட்டுக்கு ஒரே அடையாளம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாரதியின் டிசம்பர் 11 பிறந்த நாளும் செப்டம்பர் நினைவு நாளும் வழக்கம்போல் நடந்தன. பள்ளிப் பிள்ளைகளின் பாட்டுப் போட்டி மழையால் ஒரு வாரம் தள்ளிப்போய் நடந்தது.

மற்றபடி என் நேரமெல்லாம் ஒரே வேலையில்தான் போனது. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி குடியிருந்த வீட்டைத் தேடி புதுச்சேரிக்கு வருகிறவர்கள், பாரதி பூங்காவில் இறங்கி நிற்கிறார்கள், இல்லையென்றால் பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீட்டு வாசலில். அவர்கள் மேல் என்ன தப்பு? நம் சங்கத்தின் அழைப்பிதழில் ஒரு பாரதி, துண்டறிக்கையில் வேறொரு பாரதி, பேனரில் இணையத்தில் கிடைத்த இன்னொரு பாரதி. சங்க முத்திரையில் சுருக்கிப் போட்ட படத்தில் முண்டாசும் மீசையும் ஒன்றாகி ஒரு கறுப்புத் திட்டுதான் தெரிந்தது.

அதனால் முகமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். 'இந்தியா' பத்திரிகையைச் சிவப்புத் தாளில் அச்சிட்டவர் அவர். 1908-இல் அந்தப் பத்திரிகையும் அவரும் இந்த ஊருக்கு வந்தார்கள், 1918 வரை இங்கேதான் இருந்தார். அந்தச் சிவப்புதான் நம் நிறம், அதன்மேல் வெள்ளையில் 'பாரதி நினைவில்லம்', கீழே வீதியின் பெயர், அவ்வளவுதான். 'நினைவில்லம்' என்பதில் வரும் 'னை'க்கு, யானைத் துதிக்கை போல் வளைத்து எழுதும் அந்தக் காலத்துத் துதிக்கை எழுத்தைப் போட வேண்டும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார், அழகாகத்தான் இருந்தது, ஆனால் மாதிரியைப் பார்த்த ஆறாம் வகுப்புப் பிள்ளை அந்த எழுத்திலேயே நின்றுவிட்டது. இன்றைய 'னை'யே போட்டோம்.

இதற்காகக் கூட்டிய மூன்று கூட்டங்களுக்கும் வந்தவர்களை ஒரு பெஞ்சில் உட்காரவைக்கலாம். வராதவர்கள்தான் அப்புறம் வாட்ஸ்அப்பில் "யாரைக் கேட்டு மாற்றினீர்கள்" என்று எழுதினார்கள். எனக்கு வருத்தம்தான், மறைக்க விரும்பவில்லை.

வரவு செலவு ஏறத்தாழ சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. பாதிப் பேரின் சந்தா இன்னும் வரவில்லை. அச்சகத்துக்கு முன்பணம் என் கையிலிருந்துதான் போனது. பொருளாளருக்கும், எழுத்து வரைந்து தந்த தம்பிக்கும், போட்டிக்கு இடம் கொடுத்த பள்ளிக்கும் நன்றி.

துண்டறிக்கையும் அழைப்பிதழும் புது வடிவில் தயார். வழிகாட்டிப் பலகைகள் மட்டும் பாக்கி, குறைந்தது இரண்டு வேண்டும்: பூங்கா பக்கம் ஒன்று, பெருமாள் கோயில் வீதி முனையில் ஒன்று. அனுமதி கேட்டு எழுதும் மனுவைத் தயாராக வைத்திருக்கிறேன். சந்தா ரசீதுப் புத்தகம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் என் வீட்டில் இருக்கும்.