பின் ஷெட்டில நிக்கிற சிவப்புக் கார்

டேய் கொக்கு,

உன்ட மூண்டு வொய்ஸ் மெசேஜும் கேட்டனான், மூண்டாவதில நீ பேசின பேச்சையும் சேத்துத்தான். மாசி மாசம் கேட்டதுக்கு இப்ப பதில் எழுதுறன், பேசு, நல்லாப் பேசு. திருப்பி வொய்ஸ் போடேலாது, மனிசி பக்கத்து அறையில, அவட காது எப்பிடியெண்டு உனக்குத் தெரியும்தானே, அதால டயர்க்கடையைப் பூட்டிப்போட்டு உள்ள இருந்து ஒரு விரலால தட்டிக்கொண்டிருக்கிறன். இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாக்கு அதே முழங்கால்தான். நம்மட கூட்டாளி தவளைக்குப் பேத்தி பிறந்திருக்கு, ஆனாலும் அந்தப் பாண் கதையைச் சொல்லுறதை விடேல்ல. சுகம் விசாரிச்சது இவ்வளவு காணும்.

விசயம் என்னெண்டா, நான் கார் வாங்கிட்டன்.

சிரிக்காத. ‘மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன், 19 அங்குல ரிம் போட்டா எப்பிடி’ எண்டு நீ கேக்க, 54 வயசில உனக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஒரு கேடா, முதுகுக்கு நல்ல மெத்தை ஒண்டு வாங்கு எண்டு எழுதினது நான்தான். எழுதி ரெண்டு மாசத்தில நானே போய் ரெண்டு சீட் கார் வாங்கிக்கொண்டு வந்தா உனக்கு எந்த முகத்தோட எழுதுறது? அதான் இவ்வளவு நாளும் சத்தமில்லாம இருந்தனான்.

மாஸ்டா ரோட்ஸ்டர், 1990ம் ஆண்டு, சிவப்பு. ஜப்பான்ல யூனோஸ் எண்டு வித்தது. உன்ட அண்ணன் கட்டார்ல இருந்து கொண்டந்த கலண்டர்ல ஒக்டோபர் மாசம் நிண்டுதே, நவம்பர் வந்தும் கிழிக்க விடாம வைச்சிருந்தமே, அதேதான்டா. லைட்டைப் போட்டா தவளை கண் முழிச்ச மாதிரி ரெண்டும் மேல எழும்பும். (நம்மட தவளைக்குக் காட்டினன், கோவம் வந்திட்டுது.) 1600 சிசி, 120 குதிரை வலு, நிறை 940 கிலோதான், நம்மட பழைய ஹைஏஸ்ஸில பாதிதான் வரும். விலை சொல்லமாட்டன், கடிதத்தை உன்ட மனிசியும் வாசிப்பா. சீட்டுக் காசும் பழைய அலைன்மென்ட் மெஷின் வித்த காசும் போச்சுது, அதோட நிப்பம். 2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டினவங்கள், 2025 பெப்ரவரியிலதான் பிரைவேட் காருக்குத் திறந்தவங்கள், திறந்தும் வரியைக் கேட்டா மயக்கம் வரும், அதுக்குள்ள ஓட்டைக் காரெல்லாம் தங்கமாப் போச்சு. ஆனா இப்பிடி ஒரு காரை இனி ஆரும் இறக்கவும் போறதில்ல, வாங்கேக்க அப்பிடிச் சொல்லித்தான் என்னை நானே ஏமாத்தினன்.

கண்டியில ஒரு வீட்டில இருந்துது. பாக்கப் போன உடன கீழ படுத்து, கதவுக்குக் கீழ பின்சில்லுக்கு முன்னால இருக்கிற ‘சில்’ எண்ட அடித்தகரப் பெட்டியைத் தட்டிப் பாத்தன். இந்தக் காருக்கு மடிச்சுத் திறக்கிற மேல்சீலையில விழுற மழைத்தண்ணி இறங்கிப் போற ஓட்டை அதுக்குள்ளாலதான் போகுது, இலை குப்பை அடைச்சுதெண்டா தண்ணி உள்ள நிண்டு உள்ளுக்கு இருந்தே உக்கும், வெளியால பெயின்ட் பளபளவெண்டு இருக்கும். இடப்பக்கம் கொஞ்சம் உக்கல், வலது தகரம் மாதிரிக் கேட்டுது. மற்றபடி பரவாயில்ல. சில்லுதான் வயித்தைக் கலக்கினது. கொம்பனி போட்டது 14 அங்குலம், 185/60, அதெண்டா டயர்ட அகலம் 185 மில்லிமீட்டர், பக்கத்து உயரம் அதில 60 வீதம். இவங்கள் 17 அங்குலம் ஏத்தி 205/40 போட்டு, ஸ்பிரிங்கையும் வெட்டி இறக்கியிருக்கிறாங்கள். டயர்ல பல்லு நல்லா நிண்டுது, ஆனா பக்கத்தில திகதியைப் பாத்தா 2213, அதெண்டா 2013ம் ஆண்டு 22ம் கிழமை செஞ்சது. பாத்தவுடன விளங்கீட்டுது, விளங்கியும் அதிலயே ஓட்டிக்கொண்டு வந்தன் பார், 27 வருசம் டயர்க்கடை வைச்சிருக்கிற மனிசன்.

தம்புள்ளை மட்டும் ராசா மாதிரி வந்தன். 80ஐத் தாண்டினா ஸ்டியரிங் கையில கிலுகிலுத்தது, ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையில ரிங் போடாம ஏத்தினதாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன். பள்ளத்தில விழேக்க எல்லாம் முன்சில்லு மட்காட்டில ‘சர்ர்’ எண்டு உரசும். ஹபரணை தாண்டிக் கந்தளாய்ப் பக்கம் வரேக்க பொழுதும் பட்டுட்டுது, மேல்சீலையைத் திறந்துதான் வைச்சிருந்தன், திருப்பத்தில ஒருத்தர் நிக்கிறார். தனியன். நம்மட காலத்தில அரசாங்க சிடிபி பஸ்ஸுக்குள்ள இருந்து பாக்கிற யானை வேற மச்சான். இந்தக் காருக்குள்ள இருந்து பாத்தா முழங்கால்தான் தெரியுது, அதுக்கு மேல நிமிந்து பாக்க எனக்குத் துணிவு வரேல்ல, அந்தாள்ட வயித்து மயிரில காஞ்ச சேறு கட்டிகட்டியாத் தொங்கினது மட்டும் ஞாபகம். எஞ்சினை நிப்பாட்டவும் பயம், றிவேர்ஸ் எடுக்கவும் பயம், சீலையை இழுத்து மூடினா மட்டும் என்ன காக்கவா போகுது? கோணேசர்ட்ட நேந்தது எவ்வளவெண்டு கேளாத. பத்து நிமிசத்தில அவர் வேலியை மிதிச்சுக்கொண்டு உள்ள போனார், பின்னால நிண்ட லொறிக்காரன் வந்து ‘மஹத்தயாட பேபி காரை என்ட லொறியில தூக்கிப் போடலாம் போல’ எண்டு சிங்களத்தில பகிடி விட்டிட்டுப் போறான்.

இனித்தான் சொல்ல வந்தது.

அடுத்த நாள் விடிய கடைக்குள்ள ஏத்தி நாலு சில்லையும் கழட்டினன். நினைச்ச மாதிரியே ரிம்மிட நடு ஓட்டை 73 மில்லிமீட்டர், இந்தக் கார்ல சில்லு பூட்டுற ஹப் 54.1, இடையில ரிங் ஒண்டும் இல்ல. அதுக்குப் பிறகு நட்டைப் பாத்தன். ஹொண்டா நட். உனக்கு இது விளங்காது, பொறுமையா வாசி. மாஸ்டாவுக்கும் ஹொண்டாவுக்கும் போல்ட் ஒரே மரைதான், 12க்கு 1.5, எதையும் எதிலயும் ஏத்தலாம். ஆனா ஹொண்டா நட் ரிம்மில குந்துற முகம் பந்து மாதிரி உருண்டை, கடையில வாங்கிற ரிம்மில ஓட்டை புனல் மாதிரி சரிவு. உருண்டையைப் புனலுக்குள்ள வைச்சு இறுக்கினா நல்லா இறுகும், ஸ்பானர் பிடிச்ச கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பிடிச்சிருக்கிறது என்னவோ நூல் அளவு ஒரு வட்டம் மட்டும்தான், ஓட ஓட அது தேயும், நட் தன்ட பாட்டில கழரும். ரிம்மைத் திருப்பி லைட்டில பிடிச்சா ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் மோதிரம் மாதிரி மெல்லிசா ஒரு கோடு மினுங்குது.

அந்தக் கோட்டை நான் முந்தியும் ஒருக்கா பாத்திருக்கிறன். 2014ல. ஹொண்டா ஃபிட்டில வந்த அந்தப் பெடியனை உனக்குச் சொல்லியிருக்கிறன், சாம்பல்தீவுப் பாலத்தடியில முன்சில்லு கழண்டு ஓடி, கார் மதகில அடிச்சு, வலக்கால் ரெண்டு இடத்தில முறிஞ்சவன். பெடியன் கண்மண் தெரியாம ஓடினவன் எண்டுதான் உனக்குச் சொன்னன். தகப்பனிட்டயும் பொலிசிலயும் வேற சொன்னன், 50 கிலோமீட்டர் ஓடினாப் பிறகு வந்து நட்டைத் திருப்பி இறுக்கச் சொன்னனான், அவன் வரேல்ல எண்டு. சொன்னதும் உண்மை, அவன் வராததும் உண்மை. ஆனா 16 அங்குல ரிம் ஏத்தின அண்டைக்கு ‘அண்ணை, புது நட் வாங்கோணுமா’ எண்டு அவன் என்னட்டக் கேட்டவன்டா. காசு எண்ணிக்கொண்டு நிண்டவன். நான்தான் ‘தேவையில்ல தம்பி, பழசு காணும்’ எண்டனான். அவனுக்குச் செலவு குறையட்டும் எண்டு நல்லெண்ணத்தில சொன்னதுதான். பிறகு உடைஞ்ச காரை இழுத்துக்கொண்டு வந்து போட்டாங்கள், மற்ற மூண்டு சில்லையும் கழட்டி நான் அந்தக் கோட்டைப் பாத்தன், பாத்திட்டுக் கிரைண்டரால தேச்சு விட்டிட்டன்.

இதை ஆருக்கும் சொன்னதில்ல. மனிசிக்கும் தெரியாது.

அதுக்குப் பிறகு எங்கட கடையில நட் மாத்தாம ஒரு அலோய் ரிம் ஏறினதில்ல, அளவு பாத்து இறுக்கிற டோர்க் ரெஞ்ச் இல்லாம ஒரு நட் இறுகினதில்ல, பெடியள் ‘பாஸ் சரியான பொல்லாப்பு’ எண்டு திட்டுறாங்கள். அது போதும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். இந்தச் சிவப்புச் சனியன் வந்து திருப்பிக் காட்டிப்போட்டுது.

பழைய 14 அங்குல ரிம் நாலும் அந்தக் கண்டி வீட்டு ஷெட்டுக்குள்ள சும்மா கிடந்திருக்கு. கேட்ட உடன சாக்கில கட்டித் திருமலை பஸ்ஸில போட்டு விட்டாங்கள், கொண்டக்டர் ஒரு சில்லுக்கு ஒரு டிக்கட் எண்டு காசு வாங்கினவன். புது டயர் போட்டுப் பூட்டியாச்சு. பாக்க சின்னப்பிள்ளைட சைக்கிள் மாதிரித்தான், தவளை சிரிசிரியெண்டு சிரிச்சான். ஆனா ஓட்டிப்பார் மச்சான். 17 டயரோட 19 கிலோ, இது 12, கடைத் தராசில நானே நிறுத்தனான். முந்தி ஸ்பீடோ 60 காட்டேக்க உண்மையில 62 ஓடும், இப்ப சரி. 82 மில்லிமீட்டர் ரப்பர் இருந்த இடத்தில 111 இருக்கு, நிலாவெளி ரோட்டுப் பள்ளம் இடுப்பில அடிக்கிறதில்ல. விடிய அஞ்சரைக்கு, கச்சான் எழும்ப முன்னம், உப்புவெளியால ஒருக்காப் போனன், உன்னை நினைச்சன், அவ்வளவுதான்.

உன்ட கேள்விக்கு வாறன். ஆர்எக்ஸ்-8க்குக் கொம்பனி போட்ட 18 அங்குலம், 225/45, அதே காணும். 225/40ல 19 போட்டா விட்டம் 3 மில்லிமீட்டர்தான் கூடும், உரசாது, ஆனா கனடாவில, உன்ட ஸ்காபரோவில பனி உருகி ரோட்டில குழி விழேக்க ரிம் கோணினா என்னட்ட அழாத. நீ யோசிக்க வேண்டியது சில்லை இல்ல, எஞ்சினை. அது ரோட்டரி, பிஸ்டன் இல்ல, சீலுக்கு எண்ணெய் போகோணும் எண்டு தானே கொஞ்சம் கொஞ்சமா எண்ணெயை உள்ள விட்டு எரிக்கும், ஒவ்வொருக்கா பெற்றோல் அடிக்கேக்கயும் எண்ணெய் பாக்காட்டி செத்திடும். ரோட்டரி தெரிஞ்சவனிட்டக் குடுத்து, எஞ்சின் சூடா இருக்கேக்க கொம்பிரெஷன், அதான் உள்ளுக்க வாற அமுக்கம், பாக்கச் சொல்லு, சாதாரண மீட்டர் சரிவராது. ஸ்டார்ட் பண்ணி ரெண்டடி நகத்திப்போட்டு உடன நிப்பாட்டாத, பெற்றோல் நிறைஞ்சு பிறகு எழும்பாது. ரோட்டில கொட்டுற உப்பு கீழ என்ன செஞ்சிருக்கெண்டும் படுத்துப் பார், உன்ட வண்டி வயித்தோட படுக்க ஏலுமெண்டா.

பெடியன் போன கிழமை வந்தவன். இப்ப ஓட்டோ ஓட்டுறான், ரெண்டு பிள்ளை, கொஞ்சம் நொண்டித்தான் நடப்பான். பஞ்சர் ஒட்ட வந்தவன் ஷெட்டுக்குள்ள எட்டிப் பாத்திட்டு ‘அண்ணை ஆற்ற கார்’ எண்டான். மனிசிக்குச் சொன்னதையே சொன்னன், கஸ்டமர்ட எண்டு. சுத்திச் சுத்திப் பாத்தான், குனிஞ்சு நட்டைத் தொட்டுப் பாத்தான், சிரிச்சுக்கொண்டு ‘நல்லா இறுக்கினீங்களா அண்ணை’ எண்டான். பகிடிக்குத்தான் கேட்டவன். எனக்கு வாய் வரேல்ல, பஞ்சருக்குக் காசும் வாங்கேல்ல, அதை ஒரு மாதிரிப் பாத்திட்டுப் போனான்.

சனிக்கிழமை பின்டயர் மாத்த வாறன் எண்டவன். சொல்லத்தான் போறன் எண்டு நினைக்கிறன். நினைக்கிறன் எண்டுதான் எழுத வருது பார். அதுக்கு முன்னம் ஒருக்கா ஃபோன் எடு. வெள்ளி பின்னேரம் ஆறு மணி, எங்கட நேரம், மனிசி பத்திரகாளி கோயிலுக்குப் போயிடுவா. அவவும் நேத்து ‘அந்தக் கஸ்டமர் காரை எடுக்க வரேல்லயோ, வந்தா நிலாவெளிக்கு ஒருக்கா ஏத்திக்கொண்டு போகச் சொல்லுங்கோ’ எண்டு கேட்டுப்போட்டுப் போறா, முகத்தைப் பாத்தா ஒண்டும் பிடிபடேல்ல.

வரேக்க ரோட்ஸ்டருக்குப் பின்கண்ணாடிச் சீலை ஒண்டு கொண்டு வா, இஞ்ச எடுக்கேலாது. மடிக்காம உருட்டிக் கொண்டு வா.

உன்ட,
சில்லு