தங்கராசுவுக்கு: நகராத கப்பலைப் பற்றி

அன்புள்ள தங்கராசு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன் முழங்கால் வலியைத்தான் ஒரு வரியில் முடித்துவிட்டாய். அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

வாசகசாலையில் திரையிட பழைய பிரிட்டிஷ் கடற்படை நகைச்சுவைப் படம் ஒன்று சொல்லச் சொன்னாயே, 1957-இல் வந்த 'பார்னக்கிள் பில்' போடு. லண்டன் ஈலிங் ஸ்டூடியோ எடுத்த நகைச்சுவைகளில் கடைசி என்று சொல்லப்படும் படம். முந்தைய ஈலிங் படங்களின் தரம் இதில் இல்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நடுவில் கொஞ்சம் தொய்வு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் இதன் மூலக் கற்பனைக்கு ஈடாகக் கடற்படை நகைச்சுவையில் இன்னொன்றை என்னால் சொல்ல முடியாது.

கதாநாயகன் கேப்டன் ஆம்ப்ரோஸ், தலைமுறை தலைமுறையாகக் கடலோடிய குடும்பம். ஆனால் கப்பலில் கால் வைத்தாலே தலை சுற்றும், குமட்டும். இரண்டாம் உலகப் போர்க்காலம் முழுக்க அவர் செய்த சேவை, கடல்மயக்க மருந்துகளைத் தன் உடம்பில் சோதிக்க விட்டது. இது வெறும் வேடிக்கைக் கற்பனையும் இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது, கப்பல் அறைக்குள் பார்க்கும் கண் 'ஆடவில்லை' என்கிறது. அந்த முரண்பாட்டில்தான் குமட்டல். படகில் போய் இறங்கும் வீரர்கள் வாந்தியெடுத்துச் சுருண்டால் சண்டை போட முடியாது என்பதால் போரின்போது பிரிட்டன் உண்மையிலேயே ஹையோசின் போன்ற மருந்துகளைச் சோதித்தது. வாய் உலரும், தூக்கம் வரும், பார்வை மங்கும், அதுதான் அதில் சிக்கல். பிரிட்டனின் புகழ்பெற்ற கடற்படைத் தளபதி ஹொரேஷியோ நெல்சனுக்கே கடல்மயக்கம் இருந்தது. ஆம்ப்ரோஸின் பெயருக்கு நடுவில் 'ஹொரேஷியோ' வருவதைக் கூட்டத்தில் சொல்லிவிடு.

ஓய்வு பெற்ற ஆம்ப்ரோஸ் சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு கடற்பாலத்தை, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பொழுதுபோக்கு மேடையை, வாங்கிக் கப்பல்போல நடத்துகிறார். கடலுக்குள் நிற்கும், ஆனால் ஆடாது. கப்பலின் அடியில் ஒட்டும் கொட்டலசுக்குத்தான் ஆங்கிலத்தில் பார்னக்கிள் என்று பேர். ஒட்டினால் நகராது. இந்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமா? காட்சிகள் எடுத்தது இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் ஹன்ஸ்டன்டன் கடற்பாலத்தில். 1870-இல் திறந்தது, 830 அடி நீளம். 1978 ஜனவரிப் புயலில் அழிந்துபோனது. அங்கே நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். அந்த நேரத்தில் பாலத்தின் கால்கள் மணலில் நிற்கும்.

படத்தின் உயிர் நகராட்சியோடு நடக்கும் மல்லுக்கட்டில் இருக்கிறது. பாலத்தை இடிக்க நகராட்சி முனைகிறது. வெளிநாட்டுக் கப்பலென்றால் நகராட்சி கைவைக்க முடியாதென்று ஆம்ப்ரோஸ் அதற்கு 'அரபெல்லா' என்று பெயரிட்டு, லிபராமா என்ற கற்பனை நாட்டின் கப்பலாகப் பதிவுசெய்துவிடுகிறார். லைபீரியாவையும் பனாமாவையும் ஒட்டவைத்த பெயர் அது. லைபீரியா 1948-இல் தன் கப்பல் பதிவேட்டை வெளிநாட்டு முதலாளிகளுக்குத் திறந்துவிட்டது. வரி குறைவு, கெடுபிடி குறைவு. இப்படி வசதிக்காக வேறொரு நாட்டுக் கொடியில் கப்பலைப் பதிவதற்கு வசதிக்கொடி என்று பேர். அந்தக் காலத்துப் பத்திரிகை படித்தவர்களுக்கு இந்த விவகாரம் உடனே புரிந்திருக்கும். இன்றைக்கு நீ விளக்கினால்தான் சிரிப்பு வரும்.

நீதிமன்றம் போனால் இந்த யுக்தி நிற்காது. 1894-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டப்படி, துடுப்பால் செலுத்தப்படாமல் கடலோடப் பயன்படும் கலம்தான் கப்பல். மணலில் இறக்கிய தூண்கள் கடலோடுமா? போதாக்குறைக்கு, துறைமுகத்தில் நிற்கும் வெளிநாட்டு வணிகக் கப்பலையும் உள்ளூர்ச் சட்டம் விடாது. திரைக்கதை டி. ஈ. பி. கிளார்க். 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ'வில் லண்டனின் ஒரு பேட்டையையே வெளிநாடாக்கியவர் அவர்தான். சட்டத்தில் ஓட்டை தேடும் அதே மூளை இங்கேயும் வேலை செய்கிறது.

இயக்கியவர் சார்லஸ் ஃப்ரெண்ட். நான்கு வருஷம் முன்னால் 'தி க்ரூயல் சீ' எடுத்தவர். கடற்போரின் கொடுமையைக் காட்டிய அதே கை என்பதால்தான் இதில் கடற்படை ஒழுங்கு கேலிப்பொருள் ஆகவில்லை. ஆம்ப்ரோஸாக வரும் அலெக் கின்னஸ், 1943 சிசிலிப் படையிறக்கத்தில் நிஜமாகவே வீரர்களைக் கரையில் இறக்கும் ஒரு கலத்துக்குத் தலைவராக இருந்தவர். அவர் நிற்கும் விதத்தைப் பார், முதுகில் அது தெரியும்.

ஆம்ப்ரோஸின் ஆறு முன்னோர்களும் கின்னஸ்தான். ஆனால் 1949-இன் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்' மாதிரி மாயம் எதிர்பார்க்காதே. இரண்டுக்கும் ஒளிப்பதிவு டக்ளஸ் ஸ்லோகோம்ப். அந்த 1949 படத்தில் ஆறு கின்னஸ்கள் ஒரே ஃபிரேமில் தெரிவார்கள். கேமராவை அசையாமல் பூட்டி, முன்னால் கருப்பு மறைப்பு வைத்து, ஒரு பகுதியை மட்டும் திறந்து எடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, வேஷம் மாற்றி அடுத்த பகுதி. மயிரிழை நகர்ந்தாலும் ஆறும் வீண். யாரும் கேமராவைத் தொட்டுவிடக் கூடாதென்று ஸ்லோகோம்ப் ராத்திரி ஸ்டூடியோவிலேயே படுத்துக்கொண்டார்.

பிரதி தேடும்போது அமெரிக்கப் பெயரான 'ஆல் அட் சீ'யிலும் தேடு, இல்லாவிட்டால் கண்ணில் படாது. முடிவை நான் சொல்லப்போவதில்லை, நீயும் முன்கூட்டிச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
சிவராமன்