கழற்றிப் போட்ட கவருக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேளாண் இயந்திர மானியம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யாருக்கு எத்தனை சதவீதம் என்று விவரமாக இருந்தது. அந்த இயந்திரத்தில் ஒருவனுக்குக் கை போனால் யார் பொறுப்பு என்பதற்கு ஒரு வரி இல்லை.

சம்பா அறுவடை முடிந்து எங்கள் வயலில் வைக்கோல் கட்டு போட்டுக்கொண்டிருந்தோம். டிராக்டரின் பின்னால் மாட்டிய பேலரில், அதாவது வைக்கோல் கட்டும் இயந்திரத்தில், வைக்கோல் அடைத்துக்கொண்டது. அண்ணன் மகன் டிராக்டரை ஓடவிட்டபடியே இறங்கி அதைப் பிடுங்கப் போனான். தோளில் கிடந்த துண்டின் முனை, டிராக்டரிலிருந்து பேலருக்கு விசை கொண்டுபோகும் சுழல் தண்டில், அதாவது ஷாஃப்டில் பட்டது. அது நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. துண்டை உதறக்கூட நேரமில்லை. இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. வாங்கும்போது அந்த ஷாஃப்டுக்குப் பிளாஸ்டிக் கவர் இருந்தது. கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று கழற்றி மாட்டுக் கொட்டகையில் போட்டது நானும் அண்ணனும்தான்.

வண்டி அண்ணன் பேரில், நிலம் அப்பா பேரில், ஓட்டியவன் பேரன், சம்பளம் கிடையாது. அப்புறம் யாரை முதலாளி என்பது? கூலிக்கு வந்த ஆளாக இருந்தால் சட்டத்தில் இழப்பீட்டுக்கு வழி உண்டு. டிராக்டர் வைத்துச் செய்யும் விவசாய வேலையும் அதில் சேரும். சொந்தப் பிள்ளைக்கு அது இல்லை.

ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1983-லேயே வந்தது. செய்பவர், விற்பவர், வைத்திருப்பவர் எல்லோரையும் அது கட்டுப்படுத்துகிறது. ஆனால் அது பேர் சொல்வது கதிரடிக்கும் இயந்திரத்தை மட்டும். மற்றவை அரசு அறிவித்தால்தான் சேரும். டெல்டாவில் இன்று யார் களத்தில் கதிரடிக்கிறார்கள்? செயின் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் வயலிலேயே அறுத்து, அடித்து, தூற்றிக் கொட்டிவிடுகிறது. பின்னாலேயே பேலர் வருகிறது. இவற்றுக்கும், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்கும் அதே கட்டுப்பாடு வேண்டும்.

கவரைக் கழற்றி ஓட்டினால், அடிபட்டது பெற்ற மகனாகவே இருந்தாலும், உரிமையாளர்தான் பொறுப்பு என்று சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும். நம் மேலேயே வழக்கு வருமே என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். வரட்டும். அந்தப் பயம் அன்று இருந்திருந்தால் கவரில் கை வைத்திருக்க மாட்டோம்.

மானியத்துக்கு வண்டியைப் பார்வையிட வரும் வேளாண் பொறியியல் துறையினர் ஆண்டுதோறும் அறுவடைக்கு முன் ஒருமுறை வந்து ஷாஃப்ட், பெல்ட், செயின் மூடிகளைப் பார்க்கட்டும். மானிய வண்டிக்குக் காப்பீடு கட்டாயமாகட்டும். அதில் கூலி ஆளோடு வீட்டு ஆளின் பெயரும் இருக்கட்டும். தை அறுவடைக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
நீடாமங்கலம்.