பின்பக்க ஸ்பீக்கர் பேசட்டும், அப்புறம் பில் போடுங்க

மதுரையில் கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் விற்கிற கடைக்கார அண்ணன்மாருக்கு,

வணக்கம். எங்கப்பா உசிலம்பட்டிப் பக்கம் ரேடியோ செட் போடுறவர். புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியதும், வயலைத் தாண்டி நடந்து போய்க் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்துதான் மீதிப் பணம் வாங்குவார். அவர் பிள்ளை நான், போன வருஷம் உங்களில் ஒருவர் கடையில் 5.1 செட் வாங்கினேன், அஞ்சு பெட்டியும் அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும். பெயர் வேண்டாம். "கேம் ஆடணும்ணே, பின்னாடி வர்ற காலடி பின்னாடியே கேக்கணும்" என்றேன். "ஆப்டிகல் வயர் போட்டுக்க தம்பி, தியேட்டர் மாதிரி இருக்கும்" என்று, ஒலியை வெளிச்சமாக அனுப்புகிற அந்த வயரையும் சேர்த்துத் தலையில் கட்டினார்.

மடியில் சப்வூஃபரோடு பஸ்ஸில் ஊர் வந்து மாட்டினேன். படம் போட்டால் மழை நாலு பக்கமும் பெய்தது. கேமைத் திறந்தால் முன்னாடி ரெண்டு பெட்டி மட்டும். முதுகுப்பக்கம் வந்தவன் என்னைச் சுட்டான். சத்தம் மானிட்டர் பக்கமிருந்து வந்தது.

ரெண்டு ராத்திரி முழித்துக் கண்டுபிடித்தேன். படத்தின் 5.1 ஒலி, டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ முன்கூட்டியே சுருக்கிக் கட்டின மூட்டை. ஆப்டிகல் அதை அப்படியே சுமக்கும். கேமில் ஏது மூட்டை? நான் திரும்பத் திரும்பத்தான் எந்தப் பெட்டிக்கு எவ்வளவு என்று கணக்காகிறது. சுருக்காத ஒலியில் ஆப்டிகல் ரெண்டு தடம் (சேனல்) தான் தாங்கும். டால்பி டிஜிட்டல் லைவ், டிடிஎஸ் கனெக்ட் மாதிரி வசதி இருந்தால் அப்போதைக்கப்போது மூட்டை கட்டி அனுப்பும். என் கம்ப்யூட்டர் மதர்போர்டில் அது இல்லை. எச்டிஎம்ஐயில் எட்டுத் தடம்கூடப் போகும், அதை வாங்கிப் பெட்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்க ரிசீவர் வேண்டும். அதற்கு எங்கே போவது?

காப்பாற்றியது, செட்டோடு அட்டைப்பெட்டியில் கிடந்த மூணு சாதா வயர். என் போர்டில் மூணே ஓட்டை: பச்சை, நீலம், பிங்க். பிங்க்கில் மைக்கைத் தவிர எதையும் சொருகக் கூடாது என்றே இத்தனை நாள் இருந்தேன். போர்டின் ஒலிச் சிப்புக்கான ரியல்டெக் மென்பொருளில் 5.1 என்று வைத்ததும் பச்சை முன்பக்கம், நீலம் பின்பக்கம், பிங்க் நடுப்பெட்டியும் சப்வூஃபரும் ஆகிவிட்டன. மைக் கேபினெட் முன்பக்கத்துக்கு இடம் மாறியது. விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் 'கான்ஃபிகர்' போய் அங்கும் 5.1 வைத்து, டெஸ்ட் அழுத்தினேன். கட்டில் தலைமாட்டில் சத்தம் வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

அந்த டெஸ்டைத்தான் கேட்கிறேன், பில் போடுமுன் கடையிலேயே ஒருதரம் ஓட்டுங்கள். பாட்டுப் போட்டுக் காட்டாதீர்கள். ரெண்டு தடப் பாட்டையே எல்லாப் பெட்டியிலும் பரப்புகிற செட் நிறைய இருக்கிறது. பின்னால் சிவப்பு, வெள்ளை என்று ரெண்டு தட ஆக்ஸ் ஓட்டை மட்டும் இருந்தால், ஆறு பெட்டி இருந்தாலும் கேமுக்கு அது ஸ்டீரியோதான். சொல்லியே விற்கலாமே, பாட்டுக்கென்று வாங்குகிறவன் வாங்கிப் போவான்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது, அப்பாவுக்கு வேலை குறைச்சல். அத்தை மகனுக்குச் செட் எடுக்க அவரையும் கூட்டி வருகிறேன். கடைக் கோடிக்குப் போய் நின்று கேட்பார், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
ரேடியோ செட்காரர் மகன்