மார்க்குக்குக் குறுக்கால ஓடின மகனுக்கு

அன்பு மகன்,

போன் அடிச்சா எடுக்கிறாய் இல்லை, வாட்ஸப்பில நீலக் கோடு விழுது ஆனா பதில் இல்லை, அதால எழுதுறன். சனிக்கிழமை உன்ர ஓசி ரூல்ஸ் புட்போல் செமி பைனல்ல நடந்ததை உன்ர தங்கச்சி சொல்லிப்போட்டாள், அவளோட கோவிக்காதை. கடைசி நிமிசத்தில மார்க்குக்கு (ப்ரீ கிக் அடிக்கிறவனுக்கு முன்னால எதிராளி நிக்கிற இடத்துக்கு) குறுக்கால ஓடிட்டியாம், அம்பயர் பெனல்ட்டி குடுக்க எதிர்ப்பக்கப் பெடியன் கிட்ட வந்து கோல் அடிச்சிட்டானாம், நீ உடுப்பும் மாத்தாமல் காரில ஏறிப் போயிட்டியாம். கொம்மா ரெண்டு நாளா நித்திரை இல்லை. எனக்கெண்டா சிரிப்புத்தான் வந்தது, உன்னை நினைச்சில்லை, நான் காலமை காலமை நடக்கிற இடத்தை நினைச்சு.

நான் நடக்கிறது வேவர்லி பார்க், அந்தப் பழைய புட்போல் கிறவுண்டைச் சுத்தித்தானே. இப்ப சுத்திவர வீடுகள், பழைய ஸ்டாண்ட் ஒரு துண்டு மட்டும் நிக்குது, ஆனா புல்லுத்தரை அப்பிடியே கிடக்கு. 1987இல அந்தப் புல்லிலதான் மெல்பேர்ண் கிளப்பின்ர ஜிம் ஸ்டைன்ஸ் நீ பார்த்த அதே வேலையைப் பார்த்தவர். பிரிலிமினரி பைனல், வெண்டா கிராண்ட் பைனல். மெல்பேர்ண் 1964க்குப் பிறகு முதல் தரம் பைனல்ஸுக்கு வந்த வருசம், ஹோதோர்னை விட 4 பொயின்ற் முன்னுக்கு நிக்கினம். ஹோதோர்ன் ஆள் கேரி பக்கனாராவுக்கு ப்ரீ கிக் கிடைக்குது, ஆனா தூரம், அங்க நிண்டு அடிச்சா போய்ச் சேருமோ எண்டு சந்தேகம். எங்கட ஆள் தன்ர ஆளைப் பிடிக்கிறன் எண்டு உதைக்கிறவருக்கும் மார்க்கில நிக்கிறவருக்கும் நடுவால ஓடிட்டார். விசில். பக்கனாரா 15 மீற்றர் கிட்ட வந்து அடிக்கலாம். (அப்ப 15தான், அடுத்த வருசம்தான் 50 ஆக்கினவை.) மட்ச் முடியிற சைரனுக்குப் பிறகு அடிச்ச பந்து நேர நடுவால போச்சு, கோலுக்கு 6 பொயின்ற். 2 பொயின்ற்றால கிராண்ட் பைனல் கையை விட்டுப் போச்சு.

நான் வந்தது 89இல, அதை நான் பார்க்கேல்ல. ஆனா ரக்சி ஓடத் தொடங்கின காலத்தில பின் சீற்றில ஏறினவையில எத்தினை பேர் அதைச் சொல்லிச் சொல்லி அழுதவை தெரியுமே. பந்து ஏன் முட்டை மாதிரி இருக்கு எண்டே விளங்காத நேரம் எனக்கு, அவையின்ர கோவத்தைப் பார்த்து ஆரோ பாங்கைக் கொள்ளையடிச்சிட்டான் எண்டு நினைச்சன்.

அந்தாளும் எங்களைப் போல வந்து இறங்கினவர்தான். டப்ளின் பெடியன், ஊரில விளையாடினது கேலிக் புட்போல், அது வட்டப் பந்து. 84இல 18 வயசில இஞ்ச வந்து முட்டைப் பந்தை உதைக்கப் பழகி, இடையில பிராரான் கிளப்புக்கும் போய் விளையாடி, 87இலதான் மெல்பேர்ணுக்கு முதல் மட்ச். அதே சீசன் கடைசியில இந்தக் கூத்து.

அவர் விளையாடினது ரக்மனா. ரக்மன் எண்டா முந்தி என்ன, அம்பயர் பந்தைக் குத்தி எழுப்ப ரெண்டு பனை எழும்பி முழங்காலும் முழங்காலும் அடிபட மோதும், ஒண்டு தட்டிவிடும், கட்டையன் ஒருத்தன் எடுத்துக்கொண்டு ஓடுவான், பனை மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால வரும். ஸ்டைன்ஸ் தட்டிப்போட்டு நிக்கேல்ல, 199 சென்ரிமீற்றர் உயரத்தை வைச்சுக்கொண்டு கட்டையன்களோட சேர்ந்து கிறவுண்ட் முழுக்க ஓடினார். 1991இல ப்ரவுன்லோ மெடல், அந்த சீசனின்ர சிறந்த ஆட்டக்காரன் பரிசு, அவருக்கு.

நான் சொல்ல வந்தது அதில்லை. 87 சீசனில தொடங்கி 98 மட்டும் ஒரு மட்ச்சும் விடாமல் 244 மட்ச் விளையாடினவர், கடைசியில கை உடைஞ்சுதான் நிண்டது. விலா நொந்தாலும் விளையாடினார், முழங்கால் நொந்தாலும் விளையாடினார் (இதை நீ பின்பற்றத் தேவையில்லை, உன்ர முழங்காலை முதல் ஸ்கான் எடு). நேற்று நடக்கேக்க கணக்குப் பார்த்தன், அந்த வேவர்லி பார்க் மட்ச்சும் அந்த 244க்குள்ளதான் வருது. அதைக் கழிச்சு ஒருத்தரும் எண்ணேல்ல.

பிறகு மெல்பேர்ண் கிளப் கடனில மூழ்கேக்க தலைவரா வந்ததும் அவர்தான். 2012இல, 45 வயசில, கான்சரில போயிட்டார். சென்ற் போல்ஸ் கதீட்ரலில அரச மரியாதையோட இறுதிச் சடங்கு. அண்டைக்கு நான் ரக்சியோட அந்தப் பக்கம் மாட்டுப்பட்டனான், றோட்டு முழுக்க சிவப்பும் நீலமும் ஸ்கார்ப், பெரிய ஆம்பிளையள் எல்லாம் கண்ணைத் துடைச்சுக்கொண்டு. மீற்றரை நிப்பாட்டிப்போட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தன். 2021இல மெல்பேர்ணுக்குக் கப் தூக்கின கப்டன் மாக்ஸ் கோன், அவனும் ரக்மன், ஸ்டைன்ஸ் தலைவரா இருக்கேக்க கிளப் எடுத்த பெடியன். பேர்த்தில நடந்த பைனல், ஞாபகமிருக்கே, நீ ஸ்டேடியத்தில இருந்து வீடியோ கோல் எடுத்தனி.

இன்னொண்டு. சின்னனில நீ விளையாடின மட்ச் ஒண்டுக்கும் நான் வரேல்ல. சனிக்கிழமை ரக்சிக்கு நல்ல உழைப்பு எண்டு சொல்லிக்கொண்டு இருந்திட்டன். கொம்மாதான் உன்ர முன்னங்கையில கண்டின இடத்துக்கு மஞ்சள் பூசுவா, நான் ரீவியில கோனைப் பார்த்துக்கொண்டு இருப்பன். பேயன் நான்.

வாற சீசன் முதல் மட்ச்சின்ர திகதியைத் தங்கச்சிக்கு அனுப்பு, என்னோட கதைக்க விருப்பமில்லாட்டி பரவாயில்லை, அவள் ரிக்கெற் போட்டுத் தருவாள். மிளகாய்த்தூள் ரெண்டு கிலோ கொண்டு வாறன். கொம்மாவுக்கு மட்டும் இண்டைக்கு இரவு ஒரு கோல் எடு.

அப்பா