சாப்பாட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்

கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மஞ்சள் வேகவைத்துக் காயப்போட்டு மூட்டை கட்டியாயிற்று. விலை இன்னும் ஏறட்டும் என்று அப்பா விற்காமல் வைத்திருக்கிறார். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் நடவுக்கு ஆள் பிடிக்க வேண்டும். செய்தி அவ்வளவுதான். போனில் கூப்பிட்டால் ஆபீஸில் இருக்கிறேன் என்கிறாய், வீட்டில் இருந்தால் சின்னவன் போனைப் பிடுங்கிக்கொள்கிறான். அதனால் எழுதி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். நிதானமாகப் படி. படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு.

நீ கறியும் முட்டையும் விட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாரியூர் கோயில் நோம்பி முடிந்த மறுநாள் நங்கையா, உன் அண்ணி, உனக்கென்று நாட்டுக்கோழிச் சாறு வைத்து, நீ தொடாமல் எழுந்துபோனபோது எனக்கு முகம் வாடியது உண்மை. அவள் பாவம், விடியக்காலையில் எழுந்து மசாலா அரைத்தவள். எனக்கு வேண்டாம்மா என்று ஒரு வார்த்தை சிரித்துச் சொல்லியிருக்கலாம் நீ. அது போகட்டும். பெரிய அத்தை, ஆட்டுக்கால் சூப்பு குடிக்காமல் ரத்தம் எப்படி ஊறும் என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. என் அப்பா, உன் அப்புச்சி, இறந்துபோன பிறகு அம்முச்சி கடைசிவரை கறி தொடவில்லை. அந்த வயதிலும் களைவெட்டுக்குப் போன கை அது.

ஆனால் ஒன்று. அம்முச்சி கம்மங்கூழில் ஊற்றியது எருமைத் தயிர். ராத்திரியில் ஒரு சொம்பு பால் குடிக்காமல் படுக்கமாட்டாள். நம் ஊரில் சைவம் என்றால் பாலும் மோரும் நெய்யும் அதற்குள் அடக்கம். நீ அதையும் சேர்த்து விட்டுவிட்டாய். அங்கேதான் எனக்குப் பயம் பிடிக்கிறது.

பால் குடித்தால் ஹார்மோன் ஏறும், உனக்கு வந்த மார்பகப் புற்றுநோய் திரும்பும் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உன் மாமன் மகளிடம் கேட்டேன். பெருந்துறையில் டாக்டருக்குப் படிக்கிறாளே, அவள்தான் இப்போது எனக்கு எல்லாம் படித்துச் சொல்கிறாள். பாலால் இது திரும்பி வருகிறது என்று உறுதியாக நிரூபித்தவர் யாரும் இல்லை என்கிறாள். மாட்டுக்காக விட்டேன் என்று நீ சொன்னால் அது வேறு. செவலைக் கன்றை விற்ற அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தவள் நீ. அப்படியென்றால் நான் வாய் திறக்கமாட்டேன், எனக்குப் பெருமைதான். ஆனால் எடுத்த இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும், கண்ணு. வெறுமனே விடக்கூடாது.

முதலில் வைட்டமின் பி12. அது எந்தக் காயிலும் கீரையிலும் பயறிலும் இல்லை. அதை உண்டாக்குவது நுண்ணுயிர்கள்தான், மாடும் கோழியும் வழியாகத்தான் நமக்கு வந்துகொண்டிருந்தது. பால்கூட இல்லாதவர்கள் மாத்திரையாக எடுத்தே தீரவேண்டும். ஈரலில் சில வருஷத்துக்குச் சேமிப்பு இருக்கும் என்பதால் குறைவது உடனே தெரியாது. குறைந்தால் கைகால் விரல் மரத்துப்போகும். உனக்கு பேக்லிடேக்சல் என்கிற கீமோ மருந்து ஏற்றியபோதே விரல் நுனி மரத்தது. அது இன்னும் சரியாகவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார், நீ சொல்லவில்லை. மருந்தால் வந்ததா, பி12 குறைந்து வந்ததா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. ரத்தம் கொடுத்துப் பார். ஆபரேஷன் பண்ணின பக்கத்துக் கையில் ஊசி போட விடாதே. உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

அடுத்தது புரதம். நோம்பிக்கு வந்தபோது நீ தின்றதைப் பார்த்தேன். காலையில் பழம், மத்தியானம் காயும் கொஞ்சம் சாதமும், ராத்திரி பழச்சாறு. ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்த உடம்பு அது. கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், அதற்கு மேலும் போகலாம் என்கிறாள் உன் மாமன் மகள். நீ இருக்கிற எடைக்கு ஐம்பத்தைந்து, அறுபது கிராம். பழத்தில் எங்கே வரும் அவ்வளவு? பாலுக்குப் பதில் தேங்காய்ப்பாலும் பாதாம்பாலும் ஊற்றிக்கொள்கிறாயே, அதில் புரதம் பேருக்குத்தான் இருக்கிறது. சோயாப்பாலில்தான் மாட்டுப்பால் அளவுக்குக் கிட்டத்தட்ட இருக்கிறது. முப்பது கிராம் பயறு வேகவைத்தால் ஏழு கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலையும் அதே அளவு. ஐம்பது கிராம் மீல்மேக்கரில் இருபத்தைந்து கிராம் வந்துவிடும்.

சோயா சாப்பிடக்கூடாது என்றும் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள், இல்லையா? அதில் ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஒன்று இருக்கிறதென்று. நானும் பயந்தேன். சீனாவில் ஷாங்காயில் இந்த நோய் வந்து தேறிய ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைக் கவனித்து 2009இல் எழுதியிருக்கிறார்கள். சோயா அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பியது கூடவில்லை, குறைவாகத்தான் இருந்தது. சாப்பாடாக அளவோடு சேர்த்துக்கொள்ளலாம். சத்தைப் பிரித்து மாத்திரையாக்கி விற்பதை மட்டும் வாங்காதே.

நம் சமையலில் இல்லாதது என்ன, சொல்லு. கொள்ளு கடைசல், பச்சைப்பயறு கடைசல், தட்டப்பயறுக் குழம்பு, அரிசிம்பருப்பு. அரிசிம்பருப்பில் நெய்க்குப் பதில் செக்கு நல்லெண்ணெய் ஊற்று, ருசி குறையாது. பருப்பைத் தாராளமாகப் போடு. பால் விட்டவளுக்குச் சுண்ணாம்புச் சத்துக்கு ராகியும் எள்ளும். நூறு கிராம் ராகியில் 350 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அதே அளவு பாலில் 120தான். களி கிண்ட நேரமில்லை என்றால் ராகி மாவை அடையாகத் தட்டி முருங்கைக்கீரை போடு. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாகச் சேரும். பருப்பைத் தாராளமாகப் போடு என்று எழுதினேனா? போடு.

இப்போது மஞ்சள் கேப்ஸ்யூல். இதை அப்பாதான் எழுதச் சொன்னார். அவர் கையால் விளைந்த சரக்கு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேப்பரை வெட்டி ஒட்டி வைத்தவர். அவரே சொல்கிறார், மஞ்சளைக் குழம்பில் போடச் சொல், குப்பியில் அடைத்ததை விடச் சொல் என்று. காரணம் இருக்கிறது. அதே 2019இல் நெதர்லாந்தில், நோய் திரும்பாமலிருக்க உனக்கும் கொடுத்திருக்கிற டாமாக்சிஃபென் மாத்திரையைச் சாப்பிடுகிற பெண்களுக்கு மஞ்சளின் குர்குமினை அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். டாமாக்சிஃபென் உடம்புக்குள் போய் எண்டாக்சிஃபென் என்று மாறித்தான் வேலை செய்கிறது, அந்த அளவு ரத்தத்தில் குறைந்துவிட்டது. மிளகுச் சத்தும் சேர்த்துக் கொடுத்தபோது இன்னும் குறைந்தது. உன் டப்பாவில் மிளகுச் சத்தும் சேர்ந்தது என்று எழுதியிருந்ததை நான் பார்த்தேன். ரசத்தில் போடுகிற கால் ஸ்பூன் மஞ்சளுக்கு இந்தக் கவலை கிடையாது.

அந்த டப்பாவைப் பார்த்த அன்றைக்கு உன் பையில் இன்னொன்றும் பார்த்தேன், கண்ணு.

டாமாக்சிஃபென் அட்டை. பிரிக்காமல் இருந்தது. மார்கழியில் அப்பா ஈரோட்டில் வாங்கி பஸ்ஸில் போட்டுவிட்டது. அன்றைக்கு உன்னிடம் கேட்க வாய் வரவில்லை, சின்னவன் மடியில் உட்கார்ந்திருந்தான். தைக்குப் பிறகு அப்பா மாத்திரை வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் "இருக்குதுப்பா" என்கிறாய். தினம் ஒன்று சாப்பிடுகிறவளுக்கு எப்படி இன்னும் இருக்கும்? அப்பா கணக்குப் போடாத மனுஷன் இல்லை. அவரும் கேட்கமாட்டேன் என்கிறார், என்னையும் கேட்க விடமாட்டேன் என்கிறார். வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையிடம் கேட்டால், நல்லாத்தான் இருக்காளுங்க அத்தை என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

உன் கட்டி ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு வளர்ந்த வகை. ஈ.ஆர். பாசிட்டிவ் என்று ரிப்போர்ட்டில் இருந்ததை நீயேதான் எனக்கு விரல் வைத்துக் காட்டினாய். எங்காவது ஒரு செல் மிச்சம் இருந்தால் அதற்கு அந்த ஹார்மோன் போய்ச் சேராமல் கதவைச் சாத்தி வைப்பதுதான் இந்த மாத்திரை. ஐந்து வருஷமாவது சாப்பிட வேண்டும், சிலருக்குப் பத்து வருஷம். ஐந்து வருஷம் முழுசாகச் சாப்பிட்டவர்களில் இந்த நோயால் இறப்பது, பதினைந்து வருஷக் கணக்கில் பார்த்தால், மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. கறியை விட்டதும் பாலை விட்டதும் அந்த வேலையைச் செய்யாது. அமெரிக்காவில் இதே நோய்க்கு வைத்தியம் முடித்த 3,088 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் காயும் பழமும் நார்ச்சத்தும் மிக அதிகமாக, கொழுப்பைக் குறைத்துக் கொடுத்து ஏழு வருஷத்துக்கு மேல் பார்த்தார்கள். 2007இல் முடிவு சொன்னார்கள். இன்னொரு பிரிவைவிட இவர்களுக்கு நோய் திரும்புவது குறையவில்லை. இதைப் படித்துக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ எவ்வளவு சிரத்தையாகக் காயை நறுக்கி டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சாப்பாடு நல்லதுதான். எடை ஏறாமல் வைக்கும், இருதயத்துக்கு நல்லது, கை வீங்காமல் இருப்பதற்கும் எடை குறைவாக இருப்பது உதவும். சாப்பிடு. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடு.

அந்த மாத்திரையால் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிகிறது, நடுராத்திரி எழுந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒருமுறை அழுதாய். அதற்கும் டாக்டரிடம் மருந்து உண்டு. ஆனால் எல்லா மருந்தும் டாமாக்சிஃபெனோடு ஒத்துப்போகாது, நீயாகக் கடையில் வாங்காதே. வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். தாங்க முடியவில்லை என்று சொல்வதில் வெட்கம் என்ன? கதிர்வீச்சுக்குத் தினமும் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போய், அங்கிருந்தே ஆபீஸுக்குப் போனவள் நீ. இங்கே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தப் பிடிவாதம் அப்போது உதவியது. இப்போது அதையே என்னிடம் காட்டாதே.

மேவளவுத் தறிக்காரர் வீட்டம்மா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இலைப்பொடிக்குப் போனதும், அப்புறம் இடுப்பெலும்பில் வந்ததும் உனக்குத் தெரியும். பெரியம்மா விஷயமும் தெரியும். அதை எழுத மாட்டேன்.

நிறுத்தியிருந்தால் நிறுத்தினேன் என்று சொல்லு. நான் திட்டமாட்டேன், அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார், அத்தைக்குத் தெரியவே தெரியாது. எப்போதிருந்து நிறுத்தினாய் என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல். பச்சைப் பொடி, கேப்ஸ்யூல் எல்லா டப்பாவையும் எடுத்துப்போய் அவர் மேஜைமேல் வை. நிறுத்தவில்லை, நான்தான் தப்பாகப் பார்த்தேன் என்றால் அதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்?

அண்ணனிடம் கொள்ளும் பச்சைப்பயறும் வறுத்த நிலக்கடலையும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையில் பிடித்த எள்ளுருண்டையும் கொடுத்திருக்கிறேன். எள்ளுருண்டையில் நெய் சேர்க்கவில்லை. ராகி மாவு முளைகட்டி அரைத்தது. மஞ்சள்தூள் ஒரு கிலோ, குழம்புக்கு மட்டும். அப்பா இன்னொரு அட்டை மாத்திரையும் வாங்கித் தனிக் கவரில் போட்டிருக்கிறார், டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடு.

அண்ணன் திங்கட்கிழமை காலையில்தான் அங்கிருந்து கிளம்புவான். அதற்குள் பதில் எழுதி அவனிடமே கொடுத்துவிடு. போனில் வேண்டாம்.

அம்மா