மேஜைக்கு அரளி வேண்டாம்

அன்புத் தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தையின் காரியத்துக்கு வந்தபோது உன்னோடு பத்து நிமிடம்கூட உட்காராமல் பஸ் ஏறிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. உன் கோபத்தையெல்லாம் நேரில் வந்து தீர்த்துக்கொள்.

பெரியவளுக்கு ஆவணியில் கல்யாணம். காலையில் நம் ஊரில் தாலிகட்டு, மாலையில் கேரளப் பக்கம் பாறசாலையில் வரவேற்பு. அங்கே வட்ட மேஜை முப்பது. நடுவில் வைக்கும் பூ அலங்காரத்தை நானே செய்கிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். பூவுக்குப் பேர்போன தோவாளையில் பிறந்துவிட்டு அதை வெளியாளிடம் கொடுப்பேனா?

மாணிக்கமாலைதான் மனதில் இருந்தது. அப்பா மடித்துக் கோத்ததைத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை நாள் பார்த்திருக்கிறோம்! வெள்ளை அரளி, சிவப்பு அரளி, இடையில் நொச்சி இலை. பாய் முடைந்தது போலப் படிந்து கிடக்கும். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று, இதைக் கேட்க அவர் இல்லையே என்று அழுதேன். அதனால் ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாகக் கோத்து, மாதிரிக்காகச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன்.

அன்று சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தை ஒரு பூவைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனது. சம்பந்தி அம்மாள் பாய்ந்து கையைத் தட்டிவிட்டார். 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை நிறுத்தியதை அவர்தான் நினைவூட்டினார். அரளியில் பூ, இலை, தண்டு எல்லாமே நஞ்சு. இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். சிறு வயதிலிருந்தே தெரிந்ததுதான். ஆனாலும் மாலை என்ற எண்ணத்தில் மேஜையை மறந்துவிட்டேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

மாணிக்கமாலை இனி மேடைக்கும் வாசலுக்கும் மட்டும். மேஜைக்குத் தாமரை. சாயங்காலம் அது கூம்பிக்கொள்ளும் என்பாய். மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்துவிட்டால் மலர்ந்தே இருக்கிறது. பகல் இரண்டு மணிக்கு மடித்தது இரவு ஒன்பதுக்கும் வாடவில்லை, சோதித்துப் பார்த்தேன். பூ செருகுவதற்குக் கடையில் பச்சை நுரைக்கட்டி தருகிறார்கள். அது பிளாஸ்டிக், மக்காது. உதிர்ந்து தூளானால் தண்ணீரிலும் மண்ணிலும் கிடக்கும். எனக்கு வேண்டாம். வாழைத்தண்டை நான்கு விரல் உயரத்துக்கு வெட்டி, கத்தி முனையால் துளையிட்டு, தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்தினால் போதும். ஓர் அடிக்கு மேல் உயரம் போகாது, எதிரே இருப்பவரின் முகமும் மறையாது. சம்பங்கியையும் பிச்சியையும் விலக்கிவிட்டேன். அந்த வாசனையில் அவியலும் அடைப்பிரதமனும் மணக்காது.

சின்னவள் ரோஜா கேட்டு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். நீ பேசினால் அடங்குவாள்.

ஓணமும் அதே வாரம் என்பதால் பூவிலை ஏறும், தாமரைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். இதழ் மடிக்கத்தான் ஆள் இல்லை. உன் விரல் வேகம் இங்கே ஒருத்திக்கும் கிடையாது. இரண்டு நாள் முன்பாகவே வந்துவிடு. வரும்போது உன் அம்மாவின் பெரிய வெண்கல உருளியை எடுத்து வா, வாசலில் வைக்க வேண்டும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தோவாளைக்காரி